காட்டைக் கேட்டது ஸ்கீ தளம், கருத்தைக் கேட்டது வனத்துறை: ஒரு சூழல் அறிக்கையைப் படித்த அனுபவம்

மினசோட்டாவுக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றிரண்டு வருடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹீட்டரை விட்டு நகராத கட்சி ஒன்று. எப்படியும் குளிரத்தான் போகிறது, வெளியே போய்க் குளிரலாமே என்கிற கட்சி இன்னொன்று. நாங்கள் இரண்டாவது. பிள்ளைகள் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, கற்றுக்கொண்டது லூட்சனில். மினியாபொலிஸிலிருந்து நான்கு மணி நேரம். டுலூத் தாண்டி, சுப்பீரியர் ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு 61ஆம் நெடுஞ்சாலையிலேயே போனால் வந்துவிடும். கொலராடோ, யூட்டா பக்கம் சறுக்கியவர்கள் இதை மலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்தப் பக்கத்து மாநிலங்களுக்கு இதுவே பெரிய மலைகளில் ஒன்று.

அந்த லூட்சன் தளத்தை விரிவாக்க, ஒட்டியிருக்கும் சுப்பீரியர் தேசிய வனத்தில் 495 ஏக்கரைப் பயன்படுத்த அனுமதி கேட்டிருந்தார்கள். ஆட்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் தொங்கு இருக்கைகளான சேர்லிஃப்ட்டுகள் புதிதாக ஏழு, 300 ஏக்கருக்கு மேல் சறுக்குத் தடங்கள், புதிய வண்டி நிறுத்துமிடங்கள், மலைமேல் ஒரு கட்டடம். 2021 செப்டம்பரில் வனத்துறை இதற்கான வரைவுச் சூழல் தாக்க அறிக்கையை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது.

நான் ஸ்கீக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் லிஃப்ட் வரிசையில் நின்று கால் மரத்துப்போனவன். புது லிஃப்ட் வந்தால் என் பிள்ளைகள்தான் முதலில் ஏறுவார்கள். லூட்சன் இருக்கும் குக் கவுண்டியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் பொது நிலம். அங்கே தொழிற்சாலை கிடையாது, ஐடி பார்க் கிடையாது. சுற்றுலாவை வைத்துத்தான் ஊர் ஓடுகிறது. ‘காட்டைக் காப்போம்’ என்று நான்கு மணி நேரத் தொலைவிலிருந்து ஒருவன் எழுதினால் உள்ளூர்க்காரருக்கு எரிச்சல் வரும், அது நியாயமும்கூட. இருந்தாலும் அந்த மலை முதுகில் இலையுதிர் காலத்தில் நாங்கள் நடக்கிற பாதை ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் அறிக்கையைத் திறந்தேன்.

அலுவலக நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னதும் பதறினான். “அண்ணா, நாம விசாவுல இருக்கோம். கவர்ன்மெண்டுக்கு எதிரா எழுதி, அப்புறம் கிரீன் கார்டுல சிக்கல் வந்தா?” இந்தப் பயம் நம்மவர்கள் பலருக்கும் உண்டு என்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, அந்த ஊரில் குடியிருக்க வேண்டியதும் இல்லை. இது புகாரோ போராட்டமோ அல்ல. சட்டப்படி அவர்கள் கேட்கிறார்கள், நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறொன்று: நீங்கள் எழுதுவது, உங்கள் பெயர் முகவரியோடு, பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தேவையில்லாமல் கைபேசி எண்ணையோ குடும்ப விவரங்களையோ எழுதி வைக்காதீர்கள். பெயரே போடாமலும் அனுப்பலாம், ஆனால் அதில் ஒரு நஷ்டம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. யெல்லோஸ்டோன் மாதிரியான பூங்காக்கள் இங்கே ‘இன்டீரியர்’ எனப்படும் துறையின் கீழ் வருபவை. தேசிய வனங்களைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை 1905இல் தொடங்கப்பட்டது, இன்றும் வேளாண் துறையின் கீழ்தான் இருக்கிறது. காரணம், அங்கே மரம் வெட்டலாம், மாடு மேய்க்கலாம், சுரங்கம் தோண்டலாம், சறுக்கவும் செய்யலாம். நாடு முழுக்க 122 ஸ்கீ தளங்கள் தேசிய வன நிலத்தில் நடக்கின்றன. 1986இல் வந்த ஒரு சட்டப்படி நாற்பது வருடம் வரைக்கும் அனுமதி தரலாம். பதிலுக்கு வருமானத்தில் ஒன்றரை முதல் நான்கு சதவீதம் வரை, படிப்படியாக ஏறும் கட்டணம். லூட்சன் இந்த விஷயத்தில் வித்தியாசமானது. அது வளர்ந்ததெல்லாம் தனியார் நிலத்தில். பொதுக் காட்டுக்குள் நுழைய விரும்பியதால்தான் இந்தப் பரிசீலனையே வந்தது. அவர்கள் சொந்த நிலத்தில் அதே ஏழு லிஃப்ட்டை நட்டிருந்தால் வனத்துறையிடம் கைநீட்டி நிற்கத் தேவையே இருந்திருக்காது.

பரிசீலனையைக் கட்டாயமாக்கும் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது 1970 ஜனவரி 1ஆம் தேதி. சுருக்கமாக நேப்பா (NEPA) என்பார்கள். மூன்று படிகள். சின்ன வேலை என்றால் விலக்கு கொடுத்துவிடுவார்கள். பாதிப்பு எவ்வளவு என்று சந்தேகமிருந்தால் ஒரு சிறிய மதிப்பீடு. பாதிப்பு கணிசமாக இருக்கும் என்றால் முழு அறிக்கை. நான் திறந்தது மூன்றாவது வகை. பெரும்பாலும் ஓர் ஆலோசனை நிறுவனம் இதைத் தயாரிக்கும், அனுமதி கேட்பவர் செலவை ஏற்பார், வனத்துறை மேற்பார்வை செய்யும். இதைக் கேட்டதும் ‘அப்போ எல்லாமே செட்டப்’ என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. அறிக்கையில் வேலை செய்திருக்கும் உயிரியலாளரும் நீரியலாளரும் தங்கள் பங்கை ஒழுங்காகத்தான் எழுதுகிறார்கள். பிரச்சினை பொய் சொல்வதில் இல்லை, கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் போலப் படிக்காதீர்கள், பாதியில் தூங்கிவிடுவீர்கள். முதல் அத்தியாயத்தில் ‘நோக்கமும் தேவையும்’ என்று ஒரு பகுதி வரும். ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். அதை இரண்டு முறை படியுங்கள். மொத்த அறிக்கையின் குடுமியும் அங்கேதான் இருக்கிறது. ‘சறுக்குத் தடங்களின் எண்ணிக்கையையும் வகையையும் கூட்டுவது’ என்று நோக்கத்தை எழுதிவிட்டால், அதை நிறைவேற்றும் மாற்று வழிகள் எல்லாமே கூடுதல் தடம் போடுவதாகத்தான் இருக்கும். இருக்கிற லிஃப்ட்டை வேகமானதாக மாற்றினால் வரிசை குறையாதா என்ற கேள்வி, ‘நோக்கத்துக்குப் பொருந்தாது’ என்று ஒரே வரியில் வெளியே போய்விடும். நோக்கத்தைப் பற்றிய கேள்வியை ஆரம்பக் கட்டத்திலேயே கேட்பது நல்லது. அதற்கென்று அறிக்கைக்கு முன்பே ஒரு கருத்துக் காலம் வரும், அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை.

அடுத்து நேராக இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிக்குப் போங்கள். மாற்றுத் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அட்டவணை அங்கே இருக்கும். முதல் கட்டத்தில் ‘எதுவும் செய்யாமல் விடுவது’ என்ற திட்டம் எப்போதும் இருக்கும், சட்டம் அதைக் கேட்கிறது. படிக்கிற பலர் அதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது என்பதற்கு லூட்சனே சாட்சி, அதற்கு வருகிறேன்.

அட்டவணையில் நான் தேடியது பகுக்கும் எண். ஏக்கர் கணக்கு இரண்டு வகையில் வரலாம். 495 ஏக்கரை மொத்த சுப்பீரியர் வனத்தோடு ஒப்பிட்டால், அது முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல், 0.02 சதவீதம்கூட வராது. அந்த வனத்தில் எதைச் செய்தாலும் இப்படிப் பகுத்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும். அதே 495 ஏக்கரை மலைமுகட்டில் நிற்கும் மேப்பிள் தோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது சாலையிலிருந்து அரை மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய காட்டோடு. எண் வேறு மாதிரி பேசும். எந்த அறிக்கையிலும் ‘சிறிய அளவிலான பாதிப்பு’ என்று கண்டால், எதில் சிறியது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி கருத்துக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடும்.

தணிப்பு நடவடிக்கைகள் என்ற பட்டியலும் கண்ணில் படும். ஈர நிலத்தைத் தவிர்ப்போம், மண் அரிப்பைத் தடுக்க வேலி வைப்போம், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் மரம் வெட்ட மாட்டோம், இப்படி. படிக்க நன்றாக இருக்கும். யார் வந்து பார்ப்பார், எப்போது பார்ப்பார், மீறினால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள்தான் குறைவு. 2022இல் கொலராடோவின் கீஸ்டோன் தளத்தில், அனுமதி வாங்கிய விரிவாக்கத்தின்போதே, அனுமதியில் இல்லாத பாதையைப் போட்டு உயர்மலைப் புல்வெளியைச் சேதப்படுத்திவிட்டார்கள். வனத்துறை வேலையை நிறுத்த உத்தரவிட்டது. அந்த மாதிரிப் புல்வெளி, மரமே வளராத உயரத்தில், வருடத்தில் சில வாரம் மட்டுமே வளர்வது. பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். காகிதத்தில் நிபந்தனைகளுக்குக் குறைவே இருக்கவில்லை.

சரி, அறிக்கை போதும் என்று ஒரு வார இறுதியில் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஓபர்க் மலை வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சுப்பீரியர் ஹைக்கிங் டிரெயில் வழியாக மூஸ் மலை முதுகில் ஏறி, லூட்சன் பக்கம் இறங்கலாம். ஏழு மைல் இருக்கும். செப்டம்பர் கடைசியில் முகட்டு மேப்பிள்கள் சிவந்துவிடும், கீழே ஏரியோரத்து பிர்ச் மரங்கள் மஞ்சளாக இன்னும் பத்து நாள் ஆகும். ஓபர்க்கில் அந்த வாரம் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அங்கே கிடைக்காத கூட்டமின்மை மூஸ் மலையில் கிடைக்கும்.

என் மகள் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கணினித் திரையில் சறுக்குத் தடத்தின் சிவப்புக் கோடு நடைபாதையின் புள்ளிக்கோட்டைக் குறுக்கே வெட்டுவது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அந்த இடத்தில் நின்றபோது, கோடு என்பது இரு பக்கமும் மரமே இல்லாத அகலமான ஒரு பட்டை என்று புரிந்தது. “அப்பா, ஸ்னோ இல்லாதப்போ இது எப்படி இருக்கும்?” என்றாள். அறிக்கையைப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. சறுக்குத் தடம் ஐந்து மாதம் வெள்ளை. மிச்ச ஏழு மாதம் அது புல்லும் சேறுமான ஒரு சரிவு, நடுவில் இரும்புத் தூண்கள். நடைபாதைக்காரர்கள் வருவது அந்த ஏழு மாதத்தில்தான். இதையே என் முதல் கேள்வியாக எழுதினேன்: நடைபாதையின் எந்தெந்த இடங்களில் தடம் குறுக்கே வருகிறது, பனியில்லாத மாதங்களில் அந்த இடங்கள் எப்படிப் பராமரிக்கப்படும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்.

இறங்கி வந்து டாஃப்டீ ஊரில் காபி குடிக்க உட்கார்ந்தபோது பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பல வருடமாக மேப்பிள் சாறு இறக்குபவர். நம்மில் பலருக்கு மேப்பிள் சிரப் பான்கேக்கோடு வரும் பாட்டில்தான், அதனால் கொஞ்சம் விவரமாகவே கேட்டேன். மார்ச் ஏப்ரலில் இரவு உறைந்து பகல் உருகும் நாட்கள் சில வாரம் வரும். அப்போது மட்டும்தான் சாறு இறங்கும். மரத்தில் இரண்டு விரல் ஆழத்துக்குத் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, வாளியைத் தொங்கவிடுவார்கள். சாறு பார்ப்பதற்குத் தண்ணீர், நாக்கில் வைத்தால் ஏதோ இனிப்பு தொட்டுவிட்டுப் போனது போல இருக்கும், அவ்வளவுதான். நாற்பது கேலன் சாறைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகு. ராத்திரி முழுக்க அடுப்புப் பக்கத்தில் விழித்திருந்து விறகு தள்ள வேண்டும். பதநீர் காய்ச்சும் வீட்டில் வளர்ந்த என் மாமியாரிடம் பிறகு இதைச் சொன்னபோது, “நாப்பதுக்கு ஒண்ணா? கட்டுப்படியாகாதே” என்றார்.

பெரியவர் சொன்னதில் எனக்குத் தங்கியது வேறு விஷயம். துளையிடும் அளவுக்கு மரம் பருக்க சுமார் நாற்பது வருடம் வேண்டும். காட்டில் மேப்பிள் ஏராளம், ஆனால் வாளி தூக்க முடிகிற தூரத்தில், வயதானவர்களும் போய்வரும் சரிவில், தோப்பாக நிற்கிற மேப்பிள் எல்லா இடத்திலும் கிடையாது. ‘இதே இனம் வனத்தில் பரவலாக உள்ளது’ என்று எந்த அறிக்கையும் எழுதிவிட்டுப் போகலாம், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவருக்குப் பரவலாக இருக்கும் மரத்தால் ஒரு பயனும் இல்லை. இங்கே ஓஜிப்வே பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கரை காய்ச்சுகிறார்கள். 1854இல் லா பாயிண்ட்டில் கையெழுத்தான உடன்படிக்கையில் அவர்கள் இந்த வடகிழக்கு மினசோட்டா நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த நிலத்தில் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். காட்டில் சேகரிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்ததாக இன்று ஏற்கப்படுகிறது. அதாவது, அந்த மலையில் எந்தத் திட்டத்துக்குக் கோடு போடும்போதும் வனத்துறைக்கு முன்னால் ஒரு பழைய கடன் பத்திரம் இருக்கிறது.

கருத்தை எழுதும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பினால் அதில் உள்ள வாதங்களுக்கு ஒரு முறைதான் பதில் வரும். ‘எனக்கு இந்த மலை ரொம்பப் பிடிக்கும், கெடுக்காதீர்கள்’ என்பதற்கு ‘நன்றி, குறித்துக்கொண்டோம்’ என்று பதில் வரும். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, இந்த அட்டவணையில் இந்தக் கணக்கு எப்படி வந்தது, இந்த இடத்தில் இப்படி ஒரு நீரோட்டம் இருக்கிறது, படத்தில் இல்லை, என்று எழுதினால் அதற்கு உள்ளபடி பதில் சொல்லியாக வேண்டும். இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் கருத்துகளுக்கான பதில்கள் வரும். முதலில் பழைய திட்டம் ஒன்றின் இறுதி அறிக்கையை எடுத்து அந்தப் பின்னிணைப்பை மட்டும் படித்துப் பாருங்கள். எந்த மாதிரிக் கேள்வி அதிகாரிகளை வேலை செய்ய வைக்கிறது என்று அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். எனக்கு மிகவும் உதவியது அதுதான்.

என் கடிதம் இரண்டு பக்கம். நடைபாதை, மழைநீர், மேப்பிள் தோப்பு, வண்டி நிறுத்துமிடம். ஆதரவு, எதிர்ப்பு என்று எதுவும் எழுதவில்லை. வீட்டுக்காரி படித்துவிட்டு, “ஏங்க, வேணும்கிறீங்களா வேண்டாம்கிறீங்களா?” என்று கேட்டாள். இரண்டும் இல்லை, கேள்விதான் என்றேன். அவளுக்கு அது சப்பென்று இருந்தது.

இந்தச் சட்டத்தின்மேல் அதிக நம்பிக்கை வைத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு ஸ்கீ மலையே உதாரணம். வாஷிங்டன் மாநிலத்தில் மெத்தாவ் பள்ளத்தாக்கு. சாண்டி பியூட் என்ற மலையில் ஸ்கீ தளம் கட்ட வனத்துறை அனுமதி கொடுத்தது. அந்த மாநிலத்திலேயே மிகப் பெரிய, இடம்பெயரும் மான் கூட்டம் குளிர்காலத்தில் இறங்கி வரும் பள்ளத்தாக்கு அது. மான்கள் 15 சதவீதம் குறையலாம் என்றது வனத்துறை, 50 சதவீதம்வரை போகலாம் என்றது மாநில வனவிலங்குத் துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1989இல் ஒருமனதாகத் தீர்ப்பு: தெரியாமல் முடிவெடுப்பதைத்தான் இந்தச் சட்டம் தடுக்கிறது, தெரிந்தே தப்பான முடிவெடுத்தால் தடுக்காது. தணிப்புத் திட்டம் முழுதாகத் தயாராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. கேஸ் நடத்திய ஊர்க்காரர்கள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தளம் கடைசிவரை கட்டப்படவே இல்லை. தண்ணீர், பணம், காலம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போனது. இன்று அந்தப் பள்ளத்தாக்கு லிஃப்ட் இல்லாத, சமதளத்தில் காலால் தள்ளிக்கொண்டு போகிற ஸ்கீ பாதைகளுக்குப் பெயர் போனது.

மறுபக்கமும் உண்டு. ஓரிகனில் மவுண்ட் ஆஷ்லாண்ட் விரிவாக்கத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தடுத்தது. ஃபிஷர் என்கிற சிறிய ஊனுண்ணி விலங்கின்மேல் வரும் பாதிப்பைச் சரியாக ஆராயவில்லை, ஆஷ்லாண்ட் ஊருக்குக் குடிநீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான வனத்துறையின் சொந்த விதிகளையே பின்பற்றவில்லை என்பது காரணம். கவனியுங்கள், ‘இது மோசமான திட்டம்’ என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நீயே எழுதிய விதி, நீயே பின்பற்றவில்லை என்றது. அதனால் ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் உள்ள நில மேலாண்மைத் திட்டத்தை ஒரு முறையாவது புரட்டுங்கள். தாக்க அறிக்கையைவிடப் பலமான ஆயுதம் பல நேரம் அதில் இருக்கும்.

2023இல் லூட்சனுக்கு வரைவு முடிவு வந்தது. வன மேற்பார்வையாளர் தேர்ந்தெடுத்தது அட்டவணையின் முதல் கட்டத்தில் இருந்த திட்டத்தை: எதுவும் செய்யாமல் விடுவது. ஃபாண்ட் டு லாக், கிராண்ட் போர்ட்டேஜ், போய்ஸ் ஃபோர்ட் ஆகிய மூன்று ஓஜிப்வே சமூகங்களின் உடன்படிக்கை உரிமைகள்மேலும், அவர்கள் சார்ந்திருக்கும் வளங்கள்மேலும் விழும் பாதிப்பு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் இந்த மாதிரி விண்ணப்பங்கள் கொஞ்சம் வெட்டித் தைத்தாவது அனுமதி பெற்றுவிடும். எனவே இதை எதிர்பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அதன்பின் நிறுவனமே பரிசீலனையை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டது. சிலருக்கு மகிழ்ச்சி, ஊரில் பலருக்கு வருத்தம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சேர்த்து வேலை தரும் ஒரு பெரிய முதலீடு கைநழுவியது என்று அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

என் கடிதத்தால் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மூஸ் மலையே சிரிக்கும். முடிவை மாற்றியது பழங்குடி அரசுகளின் உறுதியும், அவர்கள் கையில் இருந்த உடன்படிக்கையும். இதை அரிசோனாவோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள், பதின்மூன்று பழங்குடிகளுக்காவது புனிதமான மலை. அங்குள்ள ஸ்னோபௌல் தளம், ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்த நீரால் செயற்கைப் பனி செய்ய அனுமதி கேட்டது. வனத்துறை கொடுத்தது. நவாஹோ, ஹோபி முதலானோர் மத உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, மறுவருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. அங்கே நம்பிக்கை புண்படுகிறது என்ற வாதம் எடுபடவில்லை. இங்கே கையெழுத்திட்ட உரிமை என்ற வாதம் எடுபட்டது. இது நியாயமா என்றால், எனக்கு ஒப்பவில்லை. கும்பிடுகிற மலைக்குக் கிடைக்காத மதிப்பு சர்க்கரை காய்ச்சும் மரத்துக்குக் கிடைக்க ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. ஆனாலும் கருத்து எழுதுபவர்கள் அறிய வேண்டிய நடைமுறை உண்மை இதுதான். உணர்வை எழுதுங்கள், அதோடு எந்தச் சட்டம், எந்த உடன்படிக்கை, எந்த வனத் திட்ட விதி அந்த உணர்வுக்குத் துணை நிற்கிறது என்றும் தேடி எழுதுங்கள்.

பெயரில்லாமல் அனுப்பினால் என்ன நஷ்டம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? வரைவு முடிவு வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாய்ப்பு உண்டு, முழு அறிக்கை என்றால் 45 நாள். அதற்குத் தகுதி, முன்பே உரிய காலத்தில், இந்தத் திட்டத்தைப் பற்றிக் குறிப்பாகக் கருத்து எழுதியவர்களுக்கு மட்டும். ஆட்சேபத்தில் எழுப்பும் விஷயமும் முன்பே எழுதியதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், இடையில் புதிதாக வந்த தகவல் என்றால் மட்டும் விலக்கு. எனவே முதல் கடிதத்தில் சின்னதாகவாவது எல்லாக் கேள்விகளையும் தொட்டுவிடுங்கள். அனுப்பியதற்கான ரசீது மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

முடிவு வந்த அடுத்த குளிர்காலம், 2023-24, மினசோட்டா வரலாற்றிலேயே மிக வெப்பமான குளிர்காலமாகிப் போனது. பிள்ளைகளின் ஸ்கீ பலகைகள் பெரும்பாலான வாரங்கள் கராஜிலேயே கிடந்தன. எந்த ஸ்கீ விரிவாக்க அறிக்கையிலும் இனி முதலில் தேடப்போவது, அடுத்த நாற்பது வருடத்துக்கு எத்தனை நாள் பனி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், செயற்கைப் பனிக்கு எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதைத்தான்.

இப்போது விதிகளும் மாறிவிட்டன. 2023இல் நேப்பாவைத் திருத்தி, அறிக்கை 150 பக்கத்துக்குள், சிக்கலான திட்டமென்றால் 300க்குள், இரண்டு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்றார்கள். பக்கம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் பின்னிணைப்பு அந்தக் கணக்கில் வராது, ஆகவே முக்கியமானவை அங்கே ஒதுங்கும். 2025இல் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் தரக் கவுன்சில் 1978 முதல் நேப்பாவுக்கு இருந்த பொது விதிகளை நீக்கியது. அதே வருடம் மே மாதம், யூட்டா ரயில் பாதை வழக்கில், இத்தகைய அறிக்கைகளில் நீதிமன்றங்கள் அதிகமாகத் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூலையில் வேளாண் துறை தன் விதிகளை மாற்றியதில், பொதுமக்களிடம் கட்டாயமாகக் கருத்துக் கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் குறைந்தன. முன்பெல்லாம் தவறவிட்டால் அடுத்த கட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இனி முதலில் கிடைக்கிற சந்தர்ப்பமே ஒரே சந்தர்ப்பமாகவும் இருக்கலாம்.

பயந்த நண்பன் இப்போது டென்வருக்கு மாறிவிட்டான். அவன் வீட்டிலிருந்து மேற்கே போனால் ஒயிட் ரிவர் தேசிய வனம், வெய்ல், பிரெக்கென்ரிட்ஜ் ஸ்கீ தளங்கள் எல்லாம் அந்த நிலத்தில்தான். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டான். ஒவ்வொரு தேசிய வனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையிலிருக்கும் திட்டங்களின் பட்டியலை வெளியிடும், அதைப் பார், பிடித்த மலையின் பெயர் வந்தால் அந்தத் திட்டத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொள் என்றேன். கடைசி நாள் இரவு 11:59 என்றிருந்தால் அது அந்த அலுவலகம் இருக்கும் ஊரின் நேரம் என்றும் சொல்லி வைத்தேன். “அண்ணா, ஜூலைப் பட்டியல்ல ஒரு லிஃப்ட் மாத்துற வேலை இருக்கு, ஆனா விலக்குன்னு போட்டிருக்கே” என்று மறுவாரமே அழைத்தான். விலக்கு என்றாலும் அதற்கு ஒரு பொறுப்பதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் பட்டியலிலேயே இருக்கும். கூப்பிட்டு, எந்தப் பிரிவின் கீழ் விலக்கு, கோப்பில் என்னென்ன ஆய்வு இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.